நோய் வந்த வழியும் அடைத்த கைகளும்

கெடா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பிள்ளைகளைக் காத்த சுகாதாரப் பணிகள்

ஒரு தோட்டத்தில் மலேரியா எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. மருத்துவர் லயத்துக்கு வருவார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பார். ஒவ்வொருவரின் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் குறிப்பேட்டில் ஒரு கோடு போடுவார். கடைசியில் கோடுகளை எண்ணி, நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கணக்கிடுவார். அந்த எண்தான் அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு.

விரலில் தட்டுப்பட்டது மண்ணீரல். இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு அது. சேதமடைந்த சிவப்பணுக்களைப் பிடித்து அகற்றுவது அதன் வேலை. நலமாக இருக்கும் பிள்ளைக்கு அது விலா எலும்புக்குள் மறைந்திருக்கும், கைக்குத் தட்டுப்படாது. மலேரியா கிருமி சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கிறது. காய்ச்சல் மறுபடியும் மறுபடியும் வந்தால் மண்ணீரலுக்கு வேலை கூடிக்கொண்டே போகும். அதனால் அது வீங்கி விலாவைத் தாண்டி வெளியே வரும்.

பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏன் பரிசோதித்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளி தன் ஊரிலேயே மலேரியா பட்டிருக்கலாம். முன்பு வேலை செய்த வேறொரு தோட்டத்தில் பட்டிருக்கலாம். அவருடைய மண்ணீரல் எந்த ஊரின் கதையைச் சொல்கிறது என்று தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளை அந்த லயத்திலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது. அதற்குக் காய்ச்சல் வந்தால் அந்த லயத்துக் கொசுதான் காரணம்.

இந்த முறையை மலாயாத் தோட்டங்களில் பெரிய அளவில் பயன்படுத்தியவர் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். 1901-ல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராக வேலையைத் தொடங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1897-ல், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டறிந்திருந்தார். நோய் வரும் வழி தெரிந்துவிட்டது. அந்த வழியை எப்படி அடைப்பது என்ற கேள்வி மலாயாவின் மருத்துவர்கள் முன் நின்றது.

வெயிலை விரும்பிய கொசு

கிள்ளான் சமவெளியில் வாட்சன் சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார். காட்டையும் அழிக்கச் செய்தார். மலேரியா குறைந்தது. ஆனால், மேட்டு நிலத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது மலேரியா குறையவில்லை. சில இடங்களில் கூடவும் செய்தது.

காரணம் கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளிச் சதுப்பில் முட்டையிடும் அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழலை விரும்பும். மரங்களை வெட்டினால் அதற்கு வாழ்விடம் போய்விடும். மலைச்சரிவில் வாழும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் அதற்கு நேர்மாறு. தெளிந்த, மெல்ல ஓடும், வெயில் படும் ஓடைத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். அடர்ந்த காட்டுக்குள் ஓடிய ஓடைகளில் வெயில் விழுந்ததில்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்தபோது அந்த ஓடைகளில் முதல் முறையாக வெயில் விழுந்தது. கொசு பெருகியது. ஓடைக்கரையில்தான் லயங்களும் இருந்தன.

கெடாவின் தோட்டப் பகுதிகளை நினைத்துப் பாருங்கள். கூலிம், பாலிங், பீடோங், குரூண், ஜெராய் மலையடிவாரம் என எங்கு பார்த்தாலும் மேடும் சரிவும் சிற்றோடைகளும்தான். இந்த நிலத்தில்தான் நம் கொள்ளுப்பாட்டன்மார் பால்மரம் வெட்டினார்கள்.

மேட்டு நிலத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஓடைகளை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து மூடினார்கள். மூட முடியாத இடங்களில் தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப் புழு மூச்சுவிடத் தண்ணீரின் மேற்பரப்புக்கு வர வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் அதனால் மூச்சுவிட முடியாது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரங்கள் போதும். ஆகவே எண்ணெய் தெளிப்பதை வாரந்தோறும் செய்ய வேண்டும். ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். முதுகில் எண்ணெய்த் தொட்டியைச் சுமந்துகொண்டு வாய்க்கால் வாய்க்காலாக நடந்தவர்களும் தோட்டத் தொழிலாளர்களே. வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களின் பெயர்கள் இல்லை. காலையில் பிரட்டுக்கு நிற்கும்போது கசப்பான கொயினா மருந்தும் கொடுக்கப்பட்டது. அது நோயைத் தணித்தது. நோய் வரும் வழியைக் குறைத்தவை குழாயும் எண்ணெயும்தான்.

கோலா நெராங்கில் ஒரு கோரிக்கை

தோட்டத்துக்கு வெளியே, சிறு பட்டணங்களில் இந்த வேலையை யார் செய்வது? அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும். 1930-களில் கெடாவின் பாடாங் தெராப் மாவட்டத்துக்கு இளம் அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். அந்த மாவட்டத்தின் தலைமை இடமான கோலா நெராங்கில் மலேரியா ஓயாமல் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. நோய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று முதலில் ஆய்வு செய்யச் சொன்னார். பட்டணத்தைச் சுற்றியிருந்த சதுப்பு நிலமே காரணம் என்று தெரிந்ததும், அதை வடிக்கப் பணம் கேட்டு மாநிலச் செயலகத்துக்கு எழுதினார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவர் விடவில்லை. மீண்டும் வற்புறுத்திப் பணத்தைப் பெற்று, வடிகால் வேலையை முடித்தார்.

அந்த அதிகாரியின் பெயர் துங்கு அப்துல் ரஹ்மான். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரானார். அவரை நாம் சுதந்திரத் தந்தை என்று அறிவோம். கோலா நெராங் மக்களுக்கு அவர் முதலில் வடிகால் வெட்டிக்கொடுத்த அதிகாரி.

1967-ல் தீபகற்ப மலேசியா முழுவதற்குமான மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, கெடா உள்ளிட்ட வட மாநிலங்களிலிருந்தே வேலை ஆரம்பமானது. வீடு வீடாகச் சென்று உட்சுவர்களில் டிடிடி மருந்து அடித்தார்கள். காய்ச்சல் கண்டவர்களின் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதித்தார்கள். 2018 முதல் நம் நாட்டில், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா உள்ளூரில் பதிவாகவில்லை.

ஆனாலும் அந்தக் கதை இன்னும் முடியவில்லை. குரங்குகளிடம் இருக்கும் நோலெசி என்னும் மலேரியா கிருமி மனிதருக்கும் பரவலாகத் தொற்றுகிறது என்பதைச் சரவாக்கில் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 2004-ல் வெளியிட்டனர். காட்டோரம் வேலை செய்பவர்கள் இன்றும் அதனால் பாதிக்கப்படுகிறார்கள். ஒரு வழியை அடைத்த பிறகு மற்றொரு வழி கண்ணுக்குத் தெரிந்தது.

பிளேடும் தொப்புள்கொடியும்

எல்லா நோயும் கொசு வழியாக வருவதில்லை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து இறந்துபோகும் கொடுமை முன்பு பல ஊர்களில் இருந்தது. அது டெட்டனஸ் என்னும் இசிவு நோய். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. சுத்தம் செய்யாத கத்தியாலோ மூங்கில் சீவலாலோ தொப்புள்கொடியை அறுத்தாலும், அந்தப் புண்ணில் சாம்பல், மண் போன்றவற்றைத் தடவினாலும் கிருமி உள்ளே போய்விடும்.

இதைத் தடுக்கப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. கொதிக்க வைத்த கத்தரிக்கோல், சுத்தமான நூல், சோப்புப் போட்டுக் கழுவிய கை ஆகியவை போதும். ஆனால் பிரசவம் நடக்கும் குடிசை வரைக்கும் அவை போய்ச் சேர வேண்டும்.

1950-களில் மலாயாவில் கிராமச் சுகாதாரச் சேவை உருவானது. யுனிசெப், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியும் கிடைத்தது. இந்தச் சேவைக்கான ஆட்களைத் தயார் செய்த பயிற்சி மையங்களில் ஒன்று கெடாவின் ஜித்ராவில் இருந்தது. திட்டத்தின் கணக்கு எளிமையானது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார மையம். 10,000 பேருக்கு ஒரு துணை மையம். 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக். கடைசிப் படியில் இருந்த மருத்துவச்சிதான் கம்பத்து வீட்டுப் படியேறினார். பரம்பரையாகப் பிரசவம் பார்த்துவந்த நாட்டு மருத்துவச்சிகளையும் ஒதுக்கிவிடவில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் சுத்தமான கருவிகள் அடங்கிய பையும் கொடுக்கப்பட்டன. 1966-ல் வந்த மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் அவர்களும் பதிவு செய்யப்பட்டார்கள்.

தோட்டங்களின் நிலை சற்று வேறு. தோட்டம் தனியார் நிலம். தொழிலாளர்களின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பு. அங்கே ஒரு டிரெஸர், ஒரு சிறு மருந்தகம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை ஆகியவை இருக்கும். நிர்வாகம் அக்கறை காட்டிய தோட்டத்தில் பிள்ளைகள் தப்பினார்கள். அக்கறை இல்லாத தோட்டத்தில் தவித்தார்கள். ஆயாக் கொட்டகையில் ஒரு பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும்.

1957-ல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், தீபகற்பத்தில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் சுமார் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. சுத்தமான தண்ணீர், கழிவறை, சத்துணவு, தாய்மாரின் கல்வி, மருத்துவச்சியின் சுத்தமான கை, தடுப்பூசி ஆகிய அனைத்துக்கும் இதில் பங்கு உண்டு.

வேப்பிலை கட்டிய வீடு

அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது நம் வழக்கம். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். நோயாளி தனியாகப் படுத்திருப்பார். பக்தியோடு பின்பற்றிய இந்தப் பழக்கத்துக்குள் நோயாளியைப் பிரித்து வைக்கும் சுகாதார முறையும் இருந்தது. பெரியம்மை வந்த காலத்தில் இது ஓரளவுக்குப் பலன் தந்திருக்கும். ஏனெனில், பெரியம்மை பெரும்பாலும் கொப்புளம் தோன்றும் நேரத்தில்தான் பரவத் தொடங்கும். தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு வழியாகக் கெடாவுக்கு வந்த தொழிலாளர்கள் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டதற்கு அந்த நோயைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம். தடுப்பூசியின் பலத்தால் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தட்டம்மை இன்னும் தந்திரமானது. உடம்பில் சிவப்புத் தடிப்புத் தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். முதல் சில நாள்கள் அது சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும். வாசலில் வேப்பிலை கட்டும்போது பிள்ளை ஏற்கெனவே பள்ளிக்கும் போய், பக்கத்து வீட்டிலும் விளையாடி வந்திருக்கும். பிரித்து வைப்பதால் மட்டும் தட்டம்மையை நிறுத்த முடியாது. முன்கூட்டியே எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில், தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். 15 என்று வைத்துக்கொள்வோம். நோய் தணிய வேண்டுமானால் ஒருவர் சராசரியாக ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே கொடுக்க வேண்டும். அப்படியென்றால் அந்த 15 பேரில் குறைந்தது 14 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். 14-ஐ 15-ஆல் வகுத்தால் 93 விழுக்காடு வரும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் 95 விழுக்காடு என்ற இலக்கை விடாமல் பேசுகிறார்கள்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாநிலம் முழுவதற்கும் சராசரி 95 விழுக்காடு இருந்தாலும் போதாது. ஊசி போடாத பிள்ளைகள் அங்கொருவர் இங்கொருவர் என்று இருந்தால் நோய்க்கு வழி கிடைக்காது. அவர்களே ஒரு தாமானில், ஒரு பாலர் பள்ளியில் இருபது பேராகக் கூடியிருந்தால், அங்கே நோய்க்கு வாசல் திறந்தே இருக்கும். மிகச் சிறு வயது காரணமாக இன்னும் ஊசி போடப்படாத கைக்குழந்தையும், புற்றுநோய்ச் சிகிச்சையால் உடல் எதிர்ப்புச் சக்தியை இழந்த பிள்ளையும் மற்றவர்கள் போட்ட ஊசியை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

தொண்டையில் ஒரு திரை

நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பூசி 1958-ல் வந்தது. காசநோய்க்கான பிசிஜி 1961-லும், இளம்பிள்ளை வாதத்துக்கான போலியோ சொட்டு மருந்து 1972-லும் வந்தன. தட்டம்மை, ரூபெல்லா, ஹெப்பாடைடிஸ் பி ஆகியவற்றுக்கான ஊசிகள் 1980-களில் சேர்ந்தன. கிளினிக் மிஸ்ஸிமார் இந்த மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்துக் காத்தார்கள். பெட்டியில் பனிக்கட்டியோடு உள்ளூர்களுக்குக் கொண்டு சென்றார்கள். குளிர் விட்டுப்போனால் மருந்தின் வீரியமும் போய்விடும்.

இவற்றில் தொண்டை அடைப்பான் பற்றி இன்றைய மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். டிப்தீரியா கிருமி தொண்டையில் தங்கிச் சாம்பல் நிறத்தில் தடித்த திரை ஒன்றை உண்டாக்கும். அது மூச்சுக் குழாயை அடைக்கலாம். கிருமி சுரக்கும் நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். நச்சுமுறி மருந்து இருக்கிறது. ஆனால், அது இரத்தத்தில் மிதக்கும் நச்சை மட்டுமே முறிக்கும். ஏற்கெனவே இதயத்துக்குள் புகுந்துவிட்ட நச்சை எதுவும் செய்யாது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஆபத்து. தடுப்பூசி இதற்கு முன்பே வேலை செய்கிறது. வீரியம் நீக்கிய நச்சை உடலுக்கு அறிமுகப்படுத்தி, உண்மையான நச்சு வரும்போது அதை முறிக்க உடலைத் தயாராக வைக்கிறது.

இந்த நோய் 2016-ல் திரும்பி வந்தது. மலாக்கா, கெடா, சபா எனப் பல மாநிலங்களில் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அந்த ஆண்டு நாட்டில் 31 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஊசி போடாதவர்கள், அல்லது எல்லாத் தவணைகளையும் முடிக்காதவர்கள். அறுபது ஆண்டுகளாகக் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைத்துவந்த ஊசி தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் இவை.

போலியோவும் ஒரு பாடம் சொன்னது. 1992-க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோய் இல்லை. 2000-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. 2019 டிசம்பரில், சபாவின் துவாரான் பகுதியில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ என்று உறுதியானது. 27 ஆண்டுகள் கழித்து நோய் வந்து கதவைத் தட்டியது.

பெற்றோர் சிலர் தடுப்பூசிக்குத் தயங்குவதன் பின்னணியையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஊசி போட்ட கை வீங்குவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். தொண்டையில் திரை விழுந்த பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை. அந்தக் காட்சியை அவர்கள் பார்க்காமல் போனதற்கே ஊசிதான் காரணம். நோயைக் கண்ட தலைமுறைக்கு ஊசியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்கள் தலைமுறைக்கு அந்த அனுபவம் இல்லை. அதற்குப் பதிலாக அறிவியல் அறிவு இருக்கிறது. அது போதும், பயன்படுத்தினால்.

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வளர்ந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஓடைகளை மூடிய குழாய்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால், அன்று வாரந்தோறும் எண்ணெய் தெளித்தவரின் வேலைக்கு இருந்த விதி இன்றும் மாறவில்லை: ஒரு வாரம் விட்டால் கொசு பறக்கும், ஒரு தவணை விட்டால் நோய் நுழையும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் குழந்தைப் பருவச் சுகாதாரப் புத்தகத்தை வீட்டில் தேடி எடுங்கள். எந்தெந்த ஊசி எந்த மாதத்தில் போடப்பட்டது என்று பட்டியலிடுங்கள். ஏழு வயதில் பள்ளியில் போட்ட ஊசியும், 15 வயதில் போடும் டெட்டனஸ் ஊசியும் அதில் சேர வேண்டும். ஏதேனும் விடுபட்டிருந்தால் பெற்றோரிடம் சொல்லி அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள்.

2. இடது தோளின் மேற்பகுதியைப் பாருங்கள். சிறிய வட்டத் தழும்பு இருந்தால் அது பிசிஜி ஊசியின் அடையாளமாக இருக்கலாம். அது எந்த நோய்க்கானது?

3. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: அவர்கள் சிறு வயதில் எந்த நோய்களைக் கண்டு பயந்தார்கள்? அவற்றைத் தமிழில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள்: நோயின் பெயர், அது வந்த வழி, அந்த வழியை அடைத்த முறை.

4. ஒரு நோயாளி 5 பேருக்கு நோயைக் கொடுப்பார் என்றால், நோய் பரவாமல் இருக்க நூற்றுக்கு எத்தனை பேருக்கு எதிர்ப்புச் சக்தி தேவை? மேலே தட்டம்மைக்குப் போட்ட கணக்கைப் பின்பற்றிக் கண்டுபிடியுங்கள்.